டிஸ்லெக்சியா இருக்குற பையனுக்கு இம்போசிஷன் எதுக்கு?

"பையன் மூணாங்கிளாஸ், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்றான், ஆனா புக்கை நீட்டினா முதல் எழுத்தைப் பாத்துட்டு மீதியை இஷ்டத்துக்குச் சொல்றான், டிஸ்லெக்சியான்னு சொல்லிட்டாங்க, தினம் ரெண்டு பக்கம் எழுத வைக்கிறேன், ஒண்ணும் மாறல"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

மொதல்ல அந்த ரெண்டு பக்கத்தை நிறுத்துங்கம்மா. டிஸ்லெக்சியாங்கிறது வாசிக்க, எழுதக் கத்துக்கிறதுல வர்ற சிரமம், சோம்பேறித்தனம் இல்ல, அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. காதுல விழுற சொல்லை ஒலி ஒலியா பிரிச்சு எழுத்தோட கோக்குற இடத்துலதான் பெரும்பாலும் சிக்கல், பாத்து எழுதும்போது அந்த வேலை நடக்கறதே இல்ல, கோலத்தைப் பாத்துப் போடுற மாதிரி போட்டுட்டு எந்திரிச்சிடுவான்.

பேப்பரே இல்லாம ஆரம்பிங்க. "பல்"லுல ப-வை எடுத்துட்டு க போட்டா என்ன? கல். சமைக்கும்போது, பஸ்ல போகும்போது இதை விளையாட்டா கேளுங்க.

அடுத்தது எழுத்து. தமிழ்ல இந்தப் பசங்க முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "கொக்கு"ன்னு சொல்லும்போது காதுல முதல்ல விழுறது க், அப்புறம்தான் ஒ. ஆனா எழுதும்போது கொம்பு முன்னாடி வந்து நிக்குது, நடுவுல க, பின்னாடி துணைக்கால். அதனால "கெக்கு", "காக்கு"ன்னு எழுதுவான், அவனைத் திட்டி என்ன பண்ண. அட்டையை வெட்டி கொம்பும் காலும் ஒரு கலர்ல, க ச ப வேற கலர்ல எழுதிக்கோங்க. க-வை முதல்ல வைக்கச் சொல்லுங்க, "ஒ"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு பக்கமும் மத்த அட்டையை வைக்கட்டும், அப்புறம் தாம்பாளத்துல ரவையைப் பரப்பி, "கொ"ன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே விரலால எழுதட்டும். உகரம் இன்னும் மோசம், கு சு து மூணும் மூணு விதம், அதை ஒண்ணொண்ணா தனியாத்தான் சொல்லித்தரணும். 247 எழுத்தையும் சார்ட்டுல ஒப்பிக்க வைக்காதீங்க, கொம்பு, கால் மாதிரி ஒரு நாளைக்கு ஒரு குறி, பதினஞ்சு நிமிஷம், போதும். ல ள ழ குழப்பம் இப்போதைக்கு இருந்துட்டுப் போகட்டும், அது நமக்கே வருது.

சயின்ஸ், சோஷியல் பாடத்தை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, வாசிக்க வரலங்கிறதுக்காக விஷயம் தெரியாமப் போகக்கூடாது. கதைப் புத்தகமும் அப்படித்தான், "வந்துச்சு"ன்னு பேசுற புள்ளைக்கு "வந்தது"ங்கிற புத்தகத் தமிழ் காதுல விழுந்து பழகணும். மூளை டானிக்னு யாராவது விப்பாங்க, காசை வீணாக்காதீங்க, இதுக்கு மருந்து கிடையாது.

ரிப்போர்ட்டோட நிறுத்தாம முறைப்படி சர்டிபிகேட்டும் வாங்கிடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு. பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம், சொல்லச்சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்குன்னு சலுகைகள் இருக்கு, சிபிஎஸ்இ, ஸ்டேட் போர்டு ரெண்டுக்கும் விதி வேற வேற, ஸ்கூல் மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். பத்தாங்கிளாஸ் வந்தப்புறம் ஓடினா கடைசி நேரத்துல திண்டாடுவீங்க, இப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிடுங்க, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம்னும் சேத்துச் சொல்லிடுங்க.