வாசகர் கேள்வி – பதில்: விமான நிலைய வானிலையை வானொலியில் கேட்பது எப்படி?

கேள்வி: சிறிய விமானம் ஓட்டப் பயிற்சி பெற்று வருகிறேன். சேருமிடத்தின் ஏட்டிஸ் ஒலிபரப்பைக் கேட்கும்போது எல்லாம் ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. எழுதவும் முடிவதில்லை, விமானத்தைக் கவனிக்கவும் முடிவதில்லை. அதை எப்போது, எந்த முறையில் கேட்க வேண்டும்?

பதில்: நீங்கள் தாமதமாகக் கேட்கத் தொடங்குகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஏட்டிஸ் என்பது விமான நிலையத்தின் அப்போதைய காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, காற்றழுத்தம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை ஆகியவற்றைப் பதிவுசெய்து இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் சேவை. முடிந்தவரை முப்பது நொடிகளுக்குள் செய்தி அடங்க வேண்டும் என்பது சர்வதேச விதிமுறை. அதனால் அது வேகமாகத்தான் இருக்கும். கேட்பவர்தான் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும்.

மணிக்கு நூறு கடல் மைல் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு நாற்பது கடல் மைல் என்பது இருபத்து நான்கு நிமிடப் பயணம். அந்தத் தொலைவில், உயரத்தைக் குறைக்கத் தொடங்குவதற்கும் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைப்பதற்கும் முன்பே, ஏட்டிஸைக் கேட்டு முடித்துவிடுங்கள். புறப்படும் முன்பே முழங்கால் பலகையிலுள்ள தாளில் நேரம், காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, கியூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய, கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்), ஓடுபாதை என்று கட்டங்களை வரைந்து வைத்துக்கொண்டால், பறக்கும்போது எண்களை மட்டும் நிரப்பினால் போதும். முதல் சுற்றில் காற்றையும் ஓடுபாதையையும் கியூஎன்எச்சையும் பிடியுங்கள்; விட்டுப்போனவை அடுத்த சுற்றில் மீண்டும் வரும். ஒவ்வொரு செய்திக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசையில் ஓர் எழுத்து உண்டு. முதல் அழைப்பிலேயே அந்த எழுத்தைச் சொல்லிவிட்டால், எந்தச் செய்தி உங்கள் கையில் உள்ளது என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். அவர் அத்தனையையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

விமானத்தில் இரண்டு வானொலிகள் இருந்தால் இரண்டாவதை ஏட்டிஸுக்கு ஒதுக்கி, அதன் ஒலியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். ஒரே வானொலிதான் என்றால், ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளரிடம் இரண்டு நிமிடம் அலைவரிசையை விட்டுச் செல்ல அனுமதி கேட்டு, கேட்டு முடித்துத் திரும்பியதும் அதைத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விலகினால் அவர் உங்களை அழைத்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு முயன்றும் செய்தி கிடைக்கவில்லை என்றால், அதைக் கோபுரத்திடம் சொல்லுங்கள். அவர்கள் தேவையான விவரங்களை நேரடியாகத் தருவார்கள். அரைகுறையாகக் கேட்டுவிட்டு எழுத்தை மட்டும் சொல்வது ஆபத்தான பழக்கம். பயிற்சிக் காலத்திலேயே அதை அண்டவிடக் கூடாது.

கேள்வி: கேட்ட எண்களில் எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: கியூஎன்எச்சில். உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் காட்டுகிறது. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். உண்மையான கியூஎன்எச் 1003 ஆக இருக்கும்போது நீங்கள் 1013 என்று வைத்திருந்தால், கருவி காட்டுவதைவிடச் சுமார் 270 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள். தெளிவான பகலில் கண் இந்தப் பிழையைச் சரிசெய்துவிடலாம். மங்கலான மாலையில் அப்படி நம்பியிருக்க முடியாது.

அடுத்தது மேகத்தின் உயரம். பயிற்சி பெறுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏட்டிஸில் சொல்லப்படும் மேக அடிமட்டம் விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது. கியூஎன்எச் வைத்த உயரமானியோ கடல்மட்டத்திலிருந்து காட்டும். தரை 1500 அடி உயரத்தில் உள்ள நிலையத்தில் மேகம் 1200 அடி என்று கேட்டால், உங்கள் உயரமானி 2700 அடி காட்டும்போது நீங்கள் அந்த மேகத்தின் அடிமட்டத்தைத் தொடுவீர்கள். இரண்டு எண்களையும் ஒரே அளவுகோலாக எண்ணிக்கொள்பவர், மேகம் தம் தலைக்கு மேலா கீழா என்பதையே தவறாகக் கணிப்பார்.

காற்றின் திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏட்டிஸ் பெரும்பாலும் காந்த வடக்கை வைத்தே திசையைச் சொல்கிறது. ஓடுபாதை எண்களும் அப்படியே அமைந்தவை என்பதால் நேரடியாக ஒப்பிடலாம். எழுத்து வடிவில் வரும் மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையிலும், பல நிலையங்களின் மெட்டாரை வரிசையாகப் படிக்கும் வோல்மெட் ஒலிபரப்பிலும் திசை உண்மை வடக்கிலிருந்து தரப்படுகிறது. காந்த விலகல், அதாவது இந்த இரண்டு வடக்குகளுக்கும் இடையிலான கோணம், பெரிதாக உள்ள பகுதிகளில் குறுக்குக் காற்றைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிவிடும்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் அது இரண்டு மூன்று டிகிரியாகச் சுருங்கிக்கொண்டே வந்தால், மூடுபனியை எதிர்பார்த்து மாற்று நிலையத்தை இப்போதே முடிவு செய்வது நல்லது.

கேள்வி: தரையில் நிற்கும்போது அடுத்த ஊர் நிலையத்தின் ஒலிபரப்பு கேட்பதில்லை; மேலே போனதும் தெளிவாகக் கேட்கிறது. வானொலியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. விமான வானொலி பயன்படுத்தும் விஎச்எஃப் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் குன்றுகளும் அவற்றை மறைத்துவிடும். அடியில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய தொலைவு கடல் மைலில் கிடைக்கும். ஆயிரம் அடியில் அது 39, மூவாயிரம் அடியில் 67. ஒலிபரப்பியின் சக்தி குறைவாக இருந்தால் நடைமுறையில் இதைவிடக் குறைந்த தொலைவே கிடைக்கும். எல்லையோரத்தில் குரல் விட்டுவிட்டு வந்தால், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து கேளுங்கள். இரைச்சலோடு சேர்ந்து மெலிந்த குரலும் காதில் விழும்.

சில நிலையங்கள் ஏட்டிஸை விஓஆர் வழிகாட்டி நிலையத்தின் அலைவரிசையிலேயே அனுப்புகின்றன. அட்டவணையில் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸுக்குள் எண் இருந்தால், அதைப் பேசும் வானொலியில் வைக்க இயலாது. வழிகாட்டும் வானொலியில் வைத்து, ஒலிப்பலகையில் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும்.

கேள்வி: கோபுரமே இல்லாத சிறிய நிலையங்களில் கருவி தானாகப் பேசும் வானிலையை நம்பலாமா?

பதில்: நம்பலாம், அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு. ஏவாஸ் எனப்படும் அந்தத் தானியங்கிக் கருவி சிறு இடைவெளிகளில் புதிய அளவுகளைத் தருவதால், காற்றையும் அழுத்தத்தையும் பொறுத்தவரை பல மணித்துளிகளுக்கு முன் பதிவான ஏட்டிஸைவிட அது புதியதாக இருக்கக்கூடும். ஆனால் மேகமானி தன் தலைக்கு நேர் மேலே மட்டும் பார்க்கிறது. பார்வைத் தூரத்தை அளக்கும் உணரி தன் முன்னுள்ள சிறிதளவு காற்றை மட்டும் சோதிக்கிறது. ஓடுபாதையின் மறுமுனையில் மூடுபனி படர்ந்திருந்தாலும், அந்த உணரி தெளிவான வானிலை என்றே அறிவிக்கக்கூடும். எந்த ஓடுபாதையில் இறங்குவது என்பதையும் கருவி தீர்மானிக்காது. காற்றுத் திசையை அதனிடம் கேட்டுக்கொண்டு, பொது அலைவரிசையில் மற்ற விமானிகள் பேசுவதைக் கவனித்து, இறங்கும் விமானங்கள் நிலையத்தைச் சுற்றிவரும் சுற்றுப்பாதைக்கு மேலே ஒருமுறை பறந்து, காற்றின் திசையைக் காட்டும் துணிக் காற்றுக்கூடையைப் பார்த்த பின்னர் முடிவெடுங்கள்.