பனி உருகினால் பல்லடத்துக்கு என்னங்க?

சென்ற இதழில் அண்டார்டிகாவின் பனித்தட்டுகளைப் பற்றி ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். நிலத்தின் மேல் கிடக்கும் பனி மெல்ல நகர்ந்து, கரையோடு ஒட்டியபடியே கடலுக்குள் நீண்டு மிதப்பதுதான் பனித்தட்டு. அவை உடைவதைப் பற்றி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இந்த விவாதம் நன்றாகவே நடக்கிறது போலிருக்கிறது. சிலர் கோபமாகவும் எழுதியிருக்கிறார்கள். கோபத்தோடு கேட்டவர்களின் கேள்விகளையே அதிகம் எடுத்திருக்கிறேன்.

“டீச்சர், டம்ளர் தண்ணியில ஐஸ் கட்டி போட்டா மிதக்குது. அது கரைஞ்சாலும் தண்ணி மட்டம் ஏறுறதில்லைன்னு நீங்கதான் பாடம் எடுத்தீங்க. அப்புறம் மிதக்கற பனி உருகிக் கடல் எப்படிங்க ஏறும்?”
— தென்னை விவசாயி, உடுமலைப்பேட்டை

டம்ளர் கணக்கு சரிதான். பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளை டம்ளரின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகும் தண்ணீர் அதே கோட்டில்தான் நிற்கும். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான நீரை முன்பே விலக்கிவிட்டது. கரைந்தால் அந்த இடத்தைத்தான் நிரப்பும். கடல் உப்புத் தண்ணீர், பனி நல்ல தண்ணீர் என்பதால் துளி வித்தியாசம் வரும், அவ்வளவுதான்.

கவலையெல்லாம் அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் பனியைப் பற்றியது. நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமனாக ஏறிக் கிடக்கும் அந்தப் பனி, தன் எடையாலேயே கடலை நோக்கி ஓயாமல் நகர்கிறது. திம்பம் மலைப்பாதையில் சரக்கு லாரி ஏற்றத்தில் நின்றுவிட்டால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார், பார்த்திருப்பீர்கள். பனித்தட்டு அந்தக் கட்டை. கட்டைக்கு எடை ஒன்றும் பெரிதில்லை. அதை எடுத்தால் லாரி என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

கட்டையை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் கண்ணால் பார்த்திருக்கிறது. அண்டார்டிகத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் லார்சன் பி என்றொரு பனித்தட்டு இருந்தது. சுமார் 220 மீட்டர் தடிமன். 2002-ல், அங்கே கோடைக்காலம். மேற்பரப்பில் உருகிய தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்பது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. அந்தத் தண்ணீர் விரிசல்களுக்குள் இறங்கியது. பனியைவிடத் தண்ணீர் அடர்த்தி அதிகம் என்பதால், விரிசலில் நிரம்பிய தண்ணீர் அதை மேலும் மேலும் பிளந்துகொண்டு அடிவரை போனது. ஏறக்குறைய 35 நாளில் 3,250 சதுர கிலோமீட்டர் பனி சிதறிப்போனது. நம் நீலகிரி மாவட்டம் முழுவதும் அதைவிடச் சிறியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். தட்டு உடைந்த இடத்துக்குப் பின்னால் இருந்த ஹெக்டோரியா, கிரீன் போன்ற பனியாறுகள் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் பல மடங்கு வேகமெடுத்தன. சில இடத்தில் எட்டு மடங்கு. பக்கத்திலேயே, இன்னும் உடையாமல் மிச்சமிருந்த தட்டுக்குப் பின்னால் ஃபிளாஸ்க், லெப்பர்ட் என்று இரண்டு பனியாறுகள். அவை அப்போது வேகமெடுக்கவில்லை. அதே காற்று, அதே வெயில். கட்டை இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். நிலத்தின் மேல் இருந்த பனி இப்படிக் கடலுக்குள் இறங்கும்போது அது டம்ளருக்குள் புதிதாகப் போடும் ஐஸ். மட்டம் ஏறித்தான் ஆக வேண்டும்.

மேற்கு அண்டார்டிகாவில் த்வைட்ஸ் என்ற பனியாற்றை எல்லோரும் கவனிப்பது இதனால்தான். அகலம் 120 கிலோமீட்டர். அதன் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே போகப்போக இன்னும் ஆழமாகிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் புகுந்து கரைக்கிறது. அந்தப் பனியாறு முழுவதும் கடலில் கலந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். நாளைக்கே நடக்காது, நூற்றாண்டுகள்கூட ஆகலாம். எந்த வேகத்தில் நடக்கும் என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு. நடக்கிறதா என்பதில் இல்லை.

“கோயமுத்தூர் கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேல இருக்குது. பல்லடமும் மேட்டு நிலம். எங்க தறிக்கூடத்துக்குள்ள கடல் வராதுங்க. அண்டார்டிகா உருகினா எங்களுக்கு என்னங்க?”
— விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

உங்கள் தறிக்கூடத்துக்குள் கடல் வராதுங்க. ஆனால் உங்கள் தறி ஓடுகிற கரண்ட் எங்கிருந்து வருகிறது? எண்ணூர், தூத்துக்குடி, கூடங்குளம் எல்லாம் கடற்கரை. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில் வருகிறது. திருப்பூர் பனியன் கன்டெய்னர் போவது தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும். துறைமுகத்துக்கு ஒரு தொல்லை என்றால் நம் ஊரில் சம்பளம் நிற்கும்.

செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1993-லிருந்து கடல்மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இப்போது வருடத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல். தொடங்கியபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு வேகம். இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. அண்டார்டிகாவின் பனி அத்தனை கனமானது, தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து தண்ணீர் தூரத்துக்குப் போகும். ஆகவே அங்கே உருகுவதன் விளைவு அங்கே குறைவு. வடக்கே தள்ளியிருக்கிற நம் போன்ற கரைகளுக்கு அதிகம்.

“அண்டார்டிகாவில் பனி கூடிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நாசா படமும் இருந்தது. யாரை நம்புவது?”
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

அந்தச் செய்தியில் உண்மை ஒரு துண்டு இருக்கிறது. 2021-லிருந்து 2023 வரை கிழக்கு அண்டார்டிகாவில் வழக்கத்தைவிட அதிகமாகப் பனி பெய்து, மொத்த எடை கொஞ்சம் கூடியது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும்; ஒரு டிகிரிக்கு சுமார் 7 சதவீதம். அந்த ஈரம் குளிர்ந்த இடத்தில் பனியாகக் கொட்டும். 2002-லிருந்து இருபது வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், செயற்கைக்கோள்கள் ஈர்ப்பை வைத்து எடை போட்டதில், அண்டார்டிகா சராசரியாக வருடத்துக்கு 150 பில்லியன் டன் அளவுக்கு இழந்திருக்கிறது. உங்கள் வங்கி வேலையில் ஒரு மாத வரவை மட்டும் பார்த்து யாருக்காவது கடன் கொடுத்திருப்பீர்களா? தரைப்பனிக்கும் கடல் உறைந்து உண்டாகும் பனிக்கும் உள்ள வித்தியாசத்தையும் அந்தச் செய்தி குழப்புகிறது. அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனி 2014-ல் உச்சத்தைத் தொட்டது உண்மை. 2023 பிப்ரவரியில் அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்ததும் உண்மை.

“அமெரிக்காக்காரன் இருநூறு வருசமாப் புகை விட்டான். இப்ப நம்ம பாய்லரை நிறுத்தச் சொல்றாங்க. அடுத்து பனியனுக்கும் கார்பன் வரி போடுவாங்களாமே. இது நியாயமா, டீச்சர்?”
— பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

நியாயமில்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சூடாக்கிப் பனியை உருக்குவது நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயு. இதுவரை காற்றில் சேர்ந்த அந்த வாயுவில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்கா மட்டும் விட்டது. இன்றைக்கும் ஓர் இந்தியர் வருடத்துக்கு விடுவது சுமார் 2 டன். ஓர் அமெரிக்கர் அதைப் போல ஏழு மடங்கு. பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020-ல் வெளியேறி, 2021-ல் திரும்பி வந்து, 2025-ல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. 2024-ல் பாகூவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், இதைச் சமாளிக்க வளரும் நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டது, அதுவும் 2035-க்குள், 30,000 கோடி டாலர். உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தோடு நமக்குச் சேர வேண்டியதை உரிமையாகக் கேட்க வேண்டும்.

வரி விஷயம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம், அதாவது ஒரு பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்காக இறக்குமதியில் வாங்கும் கட்டணம், இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்குத்தான். துணி அதில் இல்லை. கோவையின் இரும்பு சம்பந்தப்பட்ட தொழில்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

ஆனால் அவன் செய்யட்டும், அப்புறம் பார்க்கலாம் என்ற இடத்தில் நான் உங்களோடு நிற்க மாட்டேன். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூருக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் ஊரே நின்றது. வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குப் பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு இதே திருப்பூர்தான் மாறியது. செய்ய முடிந்த ஊர், நெருக்கடி வரும்வரை செய்யவில்லை. முன்பே தொடங்கியிருந்தால் அந்த மண்ணும் பிழைத்திருக்கும், அந்தக் குடும்பங்களும் அலைந்திருக்காது. காற்றில் சேர்ந்த கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். அதைச் சுத்திகரித்து வெளியே எடுக்கும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது.

“எங்க ஊர்ல காத்தாடி போட்டதுக்கு அப்புறம் மழை போச்சுங்க. மேகத்தை விரட்டி விடுது. பனியைக் காப்பாத்தறேன்னு எங்க மழையைக் கெடுக்கலாமா?”
— மானாவாரி விவசாயி, தாராபுரம்

இதை நேரிலும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மழைமேகம் நிற்பது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேலே. இன்றைய பெரிய காற்றாலையின் கம்பம் 100-லிருந்து 160 மீட்டர் வரைதான். தாராபுரம் வறண்டிருப்பதற்குக் காரணம் மேற்குத்தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்று. அந்தக் காற்றுதான் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்றாலையைச் சுற்றுகிறது. உங்கள் முக்கிய மழை ஐப்பசியில். அப்போது காற்றாலைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஆகவே மழைக்கு அவற்றைக் குற்றம் சொல்ல முடியாதுங்க. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. அதில் நம் கணவாய்க் காற்றுக்கு நல்ல பங்கு உண்டு. அத்தனையும் நிலக்கரி எரிக்காமல் வந்த கரண்ட்.

ஆனால் உங்கள் கடிதத்தின் பின்பாதியில் எழுதியிருந்தீர்களே, கொறங்காட்டை வாங்கிச் சோலார் பலகை போடுகிறார்கள் என்று, அது எனக்கு மனதைப் போட்டு உறுத்துகிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேலமரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு பிழைத்திருப்பதே அந்தக் காட்டை நம்பித்தான். தலைமுறைகள் காத்த மேய்ச்சல் நிலத்தை ஜேசிபி வைத்து வழித்துவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். கோவையிலும் திருப்பூரிலும் மில் கூரை எவ்வளவு கிடக்கிறது! முதலில் அதன் மேல் போடட்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள்.

“வருசா வருசம் மாநாடு. ஒண்ணும் நடக்கறதில்லை. எதையாவது உலகமே சேர்ந்து சரி பண்ணியிருக்காங்களா?”
— கல்லூரி மாணவி, ஈரோடு

பண்ணியிருக்கிறார்கள், அதுவும் அதே அண்டார்டிகாவில். அங்கே ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததை 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில், 1987-ல், மான்ட்ரியல் ஒப்பந்தம். பிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த வாயுக்களை உலக நாடுகள் எல்லாமே கைவிட ஒப்புக்கொண்டன, நம் நாடும்தான். ஓட்டை மெல்ல ஆறிவருகிறது. 2066 வாக்கில் பழைய நிலைக்கு வரும் என்று கணிக்கிறார்கள். நிலக்கரியும் பெட்ரோலும் அதைவிடப் பல மடங்கு கடினம், தெரியும்மா. ஆனாலும் முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு.

“நான் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கிறேன். அண்டார்டிகா போக விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டுமா?”
— மாணவர், பெருந்துறை

வேண்டியதில்லை கண்ணு. 1983-ல் நம் நாடு கட்டிய முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனித்தட்டின் மேல்தான் நின்றது. பனி மூடிப் புதைந்துபோனதால் கைவிட்டார்கள். இப்போது பாறை நிலத்தில் மைத்ரி, பாரதி என்று இரண்டு இயங்குகின்றன. மாதக்கணக்கில் சூரியன் வராத குளிர்காலத்திலும் அங்கே ஆள் இருப்பார்கள். ஜெனரேட்டர் நின்றால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அதனால் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் எல்லோரையும் ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். எடுப்பது கோவாவில், வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். அவர்களின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். முதலில் படிப்பை முடி. பிறகு பெரிய ஜெனரேட்டர் ஓடும் மில் ஒன்றில் சேர்ந்து நல்ல அனுபவம் எடு. மருத்துவப் பரிசோதனை கடுமையாக இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். தேர்வானால் இமயமலையில் அவுலி என்ற இடத்தில் பனியில் நடக்கப் பயிற்சி கொடுப்பார்கள். விண்ணப்பம் நிரப்பும்போது சந்தேகம் வந்தால் எனக்கு எழுது.