ஜாவா டேட்டா பைண்டிங்: எதைப் படிக்கலாம், எதை விடலாம்

ஜாக்ஸ்பி, ஜாக்சன், ஜீசன், கேஸ்டர், எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜேசன்-பி என்று டேட்டா பைண்டிங் கருவிகளை, அதாவது ஜேசன், எக்ஸ்எம்எல் போன்ற எழுத்து வடிவில் வரும் தகவலை ஜாவா ஆப்ஜெக்டாகவும், ஆப்ஜெக்டைத் திரும்ப அந்த வடிவுக்கும் மாற்றித் தரும் கருவிகளைப் பட்டியல் போட்டு, வேலைக்குப் போகும் முன் இவை எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வேண்டாம். ஜாக்சனை மட்டும் ஆழமாகப் படியுங்கள். எக்ஸ்எம்எல்லுக்கான ஜாக்ஸ்பி ஓரளவு தெரிந்தால் போதும். மற்றவற்றை, வேலையில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய இணையச் சேவைகள் பெரும்பாலும் ஜேசனில்தான் பேசிக்கொள்கின்றன. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில், வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் ஒரு கன்ட்ரோலர் எழுதி ஆப்ஜெக்டைத் திருப்பி அனுப்பியிருந்தால், அதை ஜேசனாக மாற்றிக் கொடுத்தது பெரும்பாலும் ஜாக்சன்தான். அதாவது, தெரியாமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஆனால் ஜாக்சனின் ஆப்ஜெக்ட்மேப்பர் என்ற கிளாஸை வைத்து இரண்டு வரி எழுதி ஓடவைப்பதைப் படிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது ஓடாத இடங்களைத் தேடிப் போங்கள். கிளாஸில் இல்லாத ஒரு ஃபீல்டை ஜேசனில் சேர்த்துப் பாருங்கள். ஜாக்சனின் 2-ஆம் பதிப்பை (ஜாக்சன் 2) அப்படியே பயன்படுத்தினால் எக்செப்ஷன் வரும். அதே ஜேசனை ஸ்பிரிங் பூட்டுக்கு அனுப்பினால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அங்கே அந்தச் சோதனையை அணைத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் தேதிக்கான லோக்கல்டேட் வகையில் ஒரு ஃபீல்டு வையுங்கள்; அதற்குரிய மாட்யூலைச் சேர்க்காவிட்டால் ஜாக்சன் 2 மறுத்துவிடும். ஆர்டருக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் அதே ஆர்டர் என்று இரண்டு ஆப்ஜெக்டுகளை ஒன்றையொன்று சுட்டவைத்தால், முடிவில்லாமல் சுற்றிப் பிழையில் போய் நிற்கும். ஆப்ஜெக்டுகளின் லிஸ்டைப் படிக்க ஏன் ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸ் தேவைப்படுகிறது என்று கேட்டால், ஜெனரிக்ஸின் டைப் இரேஷர் (லிஸ்டுக்குள் இருப்பது எந்த வகை என்ற விவரம் ஓடும்போது அழிந்துபோவது) வரை விளக்கிச் சொல்லத் தெரிய வேண்டும். இன்டர்வியூவில் அனோடேஷன் பெயர்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். இந்தக் கேள்விகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பாதுகாப்புப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். படிவத்தில் வரும் தகவலை நேராக டேட்டாபேஸ் என்டிட்டியில் (டேட்டாபேஸ் டேபிளுக்கு இணையான கிளாஸில்) பைண்ட் செய்தால், பயனர் தானாகவே ‘அட்மின்’ என்ற ஃபீல்டைச் சேர்த்து அனுப்ப முடியும். அதனால்தான் வெளியிலிருந்து வர வேண்டிய ஃபீல்டுகள் மட்டும் உள்ள டிடிஓ கிளாஸைத் தனியாக வைக்கிறார்கள். 2022-இல் பேசப்பட்ட, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் இருந்த ஸ்பிரிங்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையும் பைண்டிங் வழியாக வந்ததுதான்: வெளியிலிருந்து வந்த பாராமீட்டர் பெயர்களைப் பிடித்துக்கொண்டு, கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் வரை போக முடிந்தது.

ஜாக்ஸ்பிக்கு வருவோம். எக்ஸ்எம்எல்லும், அதில் செய்திகளை அனுப்பும் சோப் (SOAP) நெறிமுறையும் வைத்து ஓடும் பழைய அமைப்புகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். ஜாவா 6-இலிருந்து ஜேடிகே என்ற ஜாவா டெவலப்பர் தொகுப்புடனே வந்த ஜாக்ஸ்பியை 2018-இல் ஜாவா 11 நீக்கிவிட்டது. பழைய புராஜெக்டைப் புது ஜாவாவுக்கு மாற்றும்போது ‘ஜாவாஎக்ஸ்’ பேக்கேஜ் கிடைக்கவில்லை என்ற பிழை வருவது இதனால்தான். ஜாக்ஸ்பியைத் தனி டிபென்டன்சியாக (வெளி லைப்ரரியாக) சேர்த்தால் சரியாகும். புதிய பதிப்புகளில் பேக்கேஜ் பெயரே ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு, ஜாக்ஸ்பியின் எக்ஸ்ஜேசி கருவியால், எக்ஸ்எம்எல்லின் அமைப்பை வரையறுக்கும் ஒரு எக்ஸ்எஸ்டி கோப்பிலிருந்து கிளாஸ்களை உருவாக்கியும் பார்த்துவிட்டால், புதிதாகச் சேர்பவருக்கு அதுவே தாராளம்.

எக்ஸ்எம்எல்பீன்ஸை நேராகத் தொடும் வாய்ப்பு குறைவு. எக்செல்லின் .xlsx கோப்புகளைக் கையாள அப்பாச்சி பிஓஐ என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால், அதற்குள் அது ஒளிந்திருக்கும். டெஸ்க்டாப் திரைகளை உருவாக்கும் ஜாவாஎஃப்எக்ஸிலும் பைண்டிங் உண்டு. அது திரையில் உள்ள பெட்டியையும் உள்ளே இருக்கும் மதிப்பையும் இணைத்து வைப்பது. டெஸ்க்டாப் வேலைக்குப் போகாதவரை அவசரம் இல்லை.

ரெஸ்யூமேயில் அந்த ஆறு பெயர்களையும் அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வரும். ஒரு சிறிய புராஜெக்டை எழுதி, எந்தத் தவறான ஜேசன் வந்தால் அது என்ன பதில் தரும் என்று டெஸ்ட்களோடு காட்டுங்கள். ஜீசன் தெரியுமா என்று கேட்டால், “ஜாக்சனில் வேலை செய்திருக்கிறேன், ஜீசன் இன்னும் தொடவில்லை” என்றே சொல்லலாம். அதனால் வேலை போகாது.