சபை பெருகும்போது உள்ளே எழும் சோதனைகள்: கேள்வி பதில்

கோத்தகிரியில் மலைச் சபைகளின் மூப்பர்களும் செயலர்களும் வாலிபர்களும் ஒரு சனிக்கிழமை கூடினோம். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, இந்த மலையிலேயே ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஆயர் என்ற முறையில் நான் சொன்ன பதில்களைக் கேட்டவர்களின் பெயர் இல்லாமல் தருகிறேன்.

கேள்வி (கோத்தகிரி, ஒரு மூப்பர்): ஐயா, வீட்டு ஜெபமாகத் தொடங்கிய எங்கள் சபையில் இப்போது உட்கார இடமில்லை. வெளியிலிருந்து ஒரு தொந்தரவும் கிடையாது. உள்ளேதான் மனஸ்தாபம் மேல் மனஸ்தாபம். எங்கேயோ வழி தவறிவிட்டோமா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் ஐயா. அப்போஸ்தலர் நடபடிகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் ஏறக்குறைய 120 பேர். இரண்டாவதில் ஏறக்குறைய 3000 பேர் சேருகிறார்கள். நான்காவதில் ஆண்கள் மட்டுமே 5000. சிறைக்கும் மிரட்டலுக்கும் அந்தச் சபை அசையவில்லை. அதை உலுக்கியது காணிக்கையில் சொன்ன ஒரு பொய்யும், பந்தியில் காட்டிய பாரபட்சமும். "சீஷர்கள் பெருகினபோது" முறுமுறுப்பு உண்டானது என்றே அதை எழுதிய லூக்கா சொல்கிறார்.

இருபது குடும்பம் இருக்கும்போது யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எண்பது குடும்பம் ஆனதும் அது நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலு பேர் கண்ணில் படாதவர்கள் மெல்லக் கசந்துபோகிறார்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு ராத்திரி திரும்ப வந்தால், எந்த வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்று சொல்ல உங்கள் சபையில் எத்தனை பேரால் முடியும்? அடுத்த கமிட்டியில் கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன் இதைக் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர், ஒரு சகோதரி): எங்கள் பெற்றோர் சிலோனிலிருந்து வந்தவர்கள். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறோம். ஆராதனைக்கு நாங்கள்தான் அதிகம் பேர். கமிட்டியில் எங்களில் ஒருவர்கூட இல்லை. போன கிறிஸ்துமஸ் உதவிப் பட்டியலில் எங்கள் லைன் விதவைகள் இரண்டு பேர் விட்டுப்போனார்கள். கேட்டால் 'பிரிவினை பேசாதே' என்கிறார்கள். கேட்டது தவறா?

பதில்: தவறே இல்லை அம்மா. நீங்கள் கேட்டது அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் கேட்ட அதே கேள்வி. எருசலேம் சபையில் எபிரெயர் உள்ளூர்க்காரர்கள். கிரேக்க மொழி பேசிய யூதர்கள் வெளிநாடுகளில் வளர்ந்து திரும்பியவர்கள். இனம் ஒன்று, வேதம் ஒன்று. ஆனால் பந்தியில் திரும்பி வந்தவர்களின் விதவைகள் விடுபட்டார்கள். சிலோன் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்த 1964ஆம் வருடத்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, இந்த மலையில் தேயிலை பறிக்கும் வேலையில் அமர்ந்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கமிட்டிக்காரர்கள் நிதானமாகக் கவனிக்க வேண்டும். முறையிட்டவர்களை அவர்கள் விசாரிக்கவில்லை, 'ஜெபியுங்கள், சரியாகிவிடும்' என்று அனுப்பவுமில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா யூதராய்ப் பிறந்தவர்கூட இல்லை, யூத மார்க்கத்தில் சேர்ந்த அந்தியோகியா ஊரார். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே மொத்தச் சபையின் பந்தி விசாரணையும் போனதென்றுதான் நான் வாசிக்கிறேன். 'உங்கள் விதவைகளை மட்டும் நீங்கள் பாருங்கள்' என்று தனிப்பந்தி போடவில்லை. பிறகு சீஷர்களின் தொகை மிகவும் பெருகியது என்று அடுத்த வசனங்களிலேயே வருகிறது. 1830இல் பிரதிஷ்டையான ஊட்டி பழைய ஆலயம் தாங்கியிருப்பது இந்த ஏழு பேரில் முதல்வரான ஸ்தேவானின் பெயர்தான்.

ஆகவே கமிட்டியாருக்குச் சொல்கிறேன். உதவிப் பட்டியலை இந்த வருடம் லைன் வீட்டுச் சகோதரிகள் எழுதட்டும், மொத்தச் சபைக்கும் சேர்த்து. கூட்டத்தை இலை எடை போடும் நேரத்தில் வைத்துவிட்டு 'அவர்கள் வருவதில்லை' என்று சொல்லாதீர்கள். படகர் வீடானாலும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமானாலும், மலையாளம் பேசுகிறவர்களானாலும், ஒரே பக்கத்து ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கமிட்டி தன் சபையைப் பாதிதான் பார்க்கிறது.

கேள்வி (குன்னூர்): ஆலயம் பெரிதாக்க ஒருவர் பெரிய தொகை தருகிறார். பளிங்குக் கல்லில் பெயர் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கல்லை மறுத்துவிடுங்கள். பணத்தை அவர் அப்போதும் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அனனியா, சப்பீராள் என்ற தம்பதியும் நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டார்கள். நிலம் விற்குமுன் உன்னுடையதாகவே இருந்ததல்லவா என்று பேதுரு கேட்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமில்லை. ஒரு பங்கைக் கொடுத்து முழுசும் கொடுத்தவர் பேரை வாங்கப் பார்த்ததே குற்றம். பீடத்திலிருந்து தொகையை வாசித்து, கைதட்டி, நாமே அந்த ஆசைக்குத் தீனி போடுகிறோம். யாக்கோபு தன் நிருபத்தில் சொல்லும் பொன்மோதிரம் போட்ட பணக்காரருக்கு நல்ல நாற்காலி போட்டதும் சபையார்தானே?

கேள்வி (கேத்தி, வாலிபர்): நான்தான் பொருளாளர். காணிக்கையை நான் ஒருவனே எண்ணி வீட்டுக்கு எடுத்துப்போய், செவ்வாய், புதனில் பேங்கில் கட்டுகிறேன். எல்லாரும் நம்புகிறார்கள். இது போதாதா ஐயா?

பதில்: போதாது தம்பி. உன்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பண விஷயத்தில் பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடி, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் எழுதினார். பவுலுக்கே அந்த ஜாக்கிரதை வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும், கலைந்து போகுமுன், சொந்தமல்லாத இரண்டு குடும்பத்தார் எண்ணட்டும். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். திங்கள் காலையில் பேங்குக்குப் போகட்டும். கட்டட நிதிக்குத் தனிக் கணக்கு. ஆயர் கையில் ரொக்கம் வேண்டாம். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சபையில் வாசித்துவிடு. வருடக் கணக்கைக் கமிட்டியில் இல்லாத ஒருவர் தணிக்கை செய்யட்டும். சபைப் பணத்தில் விழுந்தவர்களில் பலர் 'சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம்' என்று கைமாற்றாகத்தான் முதலில் எடுத்தார்கள். எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த நினைப்பே எழாது.

கேள்வி (பந்தலூர், இளம் ஊழியர்): நான் பிரசங்கித்தால்தான் வருவோம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. மூத்த ஆயர் பேசும் வாரம் அவர்கள் வருவதில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் தேவன் தந்தது, அதை விட்டுவிடாதே. 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று கொரிந்து சபையார் இரண்டு ஊழியர்களின் பெயரில் பிரிந்து நின்றபோது, திரும்ப அங்கே போகும்படி அப்பொல்லோவை மிகவும் வேண்டிக்கொண்டவர் பவுலேதான். முதலாம் கொரிந்தியர் கடைசி அதிகாரத்தைப் பார்: இப்பொழுது வர அவருக்கு மனதில்லை. காரணம் எழுதப்படவில்லை. தன் பெயரைச் சொல்லிக் கொடி பிடித்தவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டாம் என்று அவர் விலகி நின்றார் என்றே நான் நம்புகிறேன். பவுலும் அவர்மேல் பொறாமைப்படவில்லை, 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்' என்று அவரைப் பக்கத்திலேயே வைத்தார்.

மூத்த ஆயர் பேசும் வாரம் நீ முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடு. அந்தக் கூட்டத்தார் வீட்டுக்குப் போகும்போது அவர் பிரசங்கத்தைப் பற்றிப் பேசு. உன்னைப் புகழ்ந்து அவரைக் குறைத்துப் பேச்சு எழுந்தால், நீ சிரித்துக்கொண்டு சும்மா இருப்பதே சம்மதமாகிவிடும். அங்கேயே நிறுத்து.

கேள்வி (அருவங்காடு): பக்கத்துச் சபைக் குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன. இதுவும் வளர்ச்சிதானே?

பதில்: இல்லை. வேறொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டக்கூடாதென்று பவுல் கவனமாயிருந்தார். வருகிறவரை உட்காரவையுங்கள், அவருடைய ஆயருக்குப் போன் செய்யுங்கள். சண்டை போட்டு வந்தவரானால் முதலில் ஒப்புரவாகச் சொல்லுங்கள்.

கேள்வி (ஊட்டி, ஒரு சகோதரி): எங்கள் ஜெபக்குழுவில் ஜெபக் குறிப்பு என்று சொல்லியே ஊர்க்கதை எல்லாம் வந்துவிடுகிறது.

பதில்: 'அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள், யாரோடோ சுற்றுகிறாளாம்' என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை ஆலயத்துக்கு வராது. எத்தனை வீடுகள் இப்படி விலகிப்போயின! சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்த குறிப்பை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீறி ஆரம்பித்தால், குழுவை நடத்துகிற சகோதரி உடனே கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிடட்டும். குற்றம் நிஜமானால் மத்தேயு 18 சொல்கிறபடி அவரிடமே தனியாகப் போக வேண்டும். அதற்குத் தைரியம் இல்லாதவருக்கு அதை மற்றவரிடம் சொல்லும் உரிமையும் இல்லை.

கேள்வி (கோத்தகிரி, வாலிபர்): கீர்த்தனையா, கீபோர்டு பாட்டா? எங்கள் சபையில் இதுவே பெரிய சண்டை.

பதில்: இரண்டும் பாடுங்கள். பெரியவர்கள் வாலிபருக்குக் கீர்த்தனை ராகம் சொல்லிக் கொடுங்கள். வாலிபர்கள் சத்தத்தைக் குறையுங்கள்.

கேள்வி (குன்னூர், சபைச் செயலர்): ரொம்ப வருடமாக நானே செயலர். நான் விட்டால் சபை நடக்காது என்கிறார்கள். வெளியே வரவும் மனசில்லை.

பதில்: மனம் திறந்து கேட்டதற்கு நன்றி ஐயா. யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். முதன்மையாயிருக்க விரும்பியவர். சகோதரரை ஏற்காமல், ஏற்க மனதுள்ளவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பே தள்ளினார் என்பதுதான் அவரைப் பற்றிய குற்றச்சாட்டு. துர்உபதேசம் போதித்ததாக ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அவரும் ஒரு காலத்தில் பாய் விரித்து, விளக்கேற்றி, சபைக்காக உழைத்தவராகவே இருந்திருக்கலாம். நீங்கள் அவர் இல்லை. அவராகிவிடக்கூடாது என்பதே என் கவலை.

வருகிற பொதுக்கூட்டத்தில் நீங்களே எழுந்து, இனி நிற்கவில்லை என்று சொல்லுங்கள். லைன் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை முன்மொழியுங்கள். சாவி, பதிவேடுகள், பாஸ்புக் எல்லாவற்றையும் அன்றைக்கே ரசீது எழுதி ஒப்படையுங்கள். முதல் வருடம் கேட்டால் மட்டும் உதவுங்கள்.