சோலார் பட்டமா, இ.இ.இ.யா?

தக்கலை அண்ணாச்சிக்கு,

மகன் சோலார் பக்கம் போவதில் தவறில்லை. ஆனால் பட்டத்தின் பெயரிலேயே சோலார் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறானே, அதை மட்டும் விடச் சொல்லுங்கள். பி.இ.யில் இ.இ.இ., அதாவது மின், மின்னணுப் பொறியியல் எடுக்கட்டும். சோலார் கம்பெனியும் எடுக்கும், முப்பந்தல் காற்றாலைக்காரர்களும் எடுப்பார்கள், மின்வாரியத் தேர்வும் எழுதலாம்.

அவன் ஆசைப்படுவது பேனல் எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணக்குப் போடும் வேலை. அது நல்ல வேலைதான். பேனலின் பின்னால் 400 வாட் என்று ஒட்டியிருப்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரி என்ற சோதனைக்கூட நிலைக்கு. நம்மூர் மொட்டைமாடியில் மத்தியானம் செல் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், அதே வெயிலில் 350 வாட்தான் தேறும். ஆரல்வாய்மொழி மாதிரி காற்றடிக்கும் இடத்தில் சூடு இறங்கி, கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

அப்புறம் தென்னை. ஒரு மட்டையின் நிழல் நாலு செல்லில் விழுந்தாலே தொடராகக் கோத்த செல்களின் மின்னோட்டம் குறைந்துவிடும். அதற்காகத்தான், நிழல் விழுந்த செல்களைத் தாண்டி மின்னோட்டம் போக, பேனலுக்குள் பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். தெற்கு நோக்கி மாட்டினால் போதும் என்பார்கள். குமரி இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பக்கத்து மரத்தையும் பார்க்க வேண்டும். தோப்புக்கு நடுவே வீடு கட்டும் நம் மாவட்டத்தில், பேனலைத் தூக்கி மாட்டுகிறவர்கள் கிடைப்பார்கள். நிழல் கணக்குப் போடுகிறவர்தான் கிடைப்பதில்லை. கொளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்றில் பேனலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடிப்பது வேறு.

செல்லின் கணக்கு பிளஸ் டூ இயற்பியலில் வரும் டயோடிலிருந்துதான் தொடங்குகிறது. கணக்குப் போட மென்பொருள் இருக்கிறது: பைத்தான் நிரல்மொழியில் ஓடும் பிவிலிப், அமெரிக்க அரசு ஆய்வகத்தின் சாம், இரண்டும் இலவசம். கம்பெனிகள் அதிகம் கேட்கும் பிவிசிஸ்ட் என்ற மென்பொருளுக்குக் காசு உண்டு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிசைன் வேலைக்கு சென்னை, பெங்களூரு போக வேண்டியிருக்கும். பெரிய சோலார் நிலையங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி பக்கம், அங்கே ஒன்றே 648 மெகாவாட். ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்கூரை வேலைதான். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருப்பதால் வீட்டுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். அதற்கு நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோவே போதும். பிறகு வேண்டுமானால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கடன் வாங்கி விலையுயர்ந்த கல்லூரிக்கு ஓட வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு முன் அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் மாடியில் 3 கிலோவாட் வைத்தால் மாதாமாதம் எத்தனை யூனிட் வரும் என்று சாமில் போட்டு, பக்கத்தில் சோலார் வைத்திருப்பவர் வீட்டு மீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டட்டும். வித்தியாசம் ஏன் என்று அவனே தேடத் தொடங்கினால் இ.இ.இ.யை விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள். இரண்டே நாளில் சலித்துவிட்டால், அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு படிப்பு பேசலாம்.