வாசகர் கேள்வி-பதில்: மலைப்பாதைக்கு ஒரு சிறு டிரெய்லர்

கேள்வி: கொல்லிமலையில் எங்களுக்கு மிளகும் காபியும் விளையும் சிறு தோட்டம் இருக்கிறது. கற்கள் துருத்திய மண்பாதையில் மூட்டைகளையும் தண்ணீர் பீப்பாயையும் கொண்டுபோக, எங்கள் மாருதி ஜிப்சியின் பின்னால் பூட்டும்படி ஒரு டிரெய்லர் கட்ட நினைக்கிறேன். பட்டறைக்காரர் ஆறு அங்குல சி சேனலில் (C வடிவ இரும்பில்) அடிச்சட்டம் போட்டால்தான் மலைக்குத் தாங்கும் என்கிறார். அவர் சொல்வது சரியா? அச்சு எந்த இடத்தில் வர வேண்டும்?

பதில்: சேனலை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். ஆறு அங்குல சேனல் மீட்டருக்குப் பதினாறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. உங்களுக்கு வேண்டிய அளவில் சட்டமும், அதைக் கொக்கியோடு இணைக்கும் ஏர்க்காலும் சேர்ந்து பதினொரு மீட்டர் இரும்பு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டைகூட ஏற்றும் முன்பே 180 கிலோ ஆகிவிடும். அதே பதினொரு மீட்டரை 50க்கு 50 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாயில் போட்டால் ஏறக்குறைய 47 கிலோவில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜிப்சியின் எடை ஏறத்தாழ ஒரு டன். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை. செங்குத்தான இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் சுமையை உங்கள் வண்டியின் பிரேக் மட்டுமே தாங்கியாக வேண்டும் என்பதை நினைத்தால், மலையில் அதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆக, உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 500 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் பெட்டி கட்டி, தரைக்கு 2 மில்லிமீட்டர் தகடும் பக்கங்களுக்கு 1.6 மில்லிமீட்டர் தகடும் போட்டு, அச்சு, ஸ்பிரிங், உதிரிச் சக்கரம் எல்லாம் சேர்த்தால் வெற்று எடை 230 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். மீதி 270 கிலோ என்பது ஐம்பது கிலோ மூட்டைகள் ஐந்துக்குச் சரியாக இருக்கும். இது போதாது என்று தோன்றினால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக பேண்டம் நிறுவனம் ஜீப்புக்கென்றே கட்டிய டிரெய்லரும் ‘கால் டன்’ வகையைச் சேர்ந்ததுதான், அதாவது 227 கிலோ, என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும்படி கட்டப்பட்ட அந்தப் பெட்டியின் சக்கரங்கள் ஜீப்பின் சக்கரங்களேதான்.

அதே வழியை நீங்களும் பின்பற்றலாம். ஜிப்சியின் சக்கரத்தில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள் இருக்கும்; அதே அமைப்புள்ள ஹப்பை, அதாவது சக்கரம் பூட்டும் குடத்தை, டிரெய்லருக்கும் போட்டால் ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். ஜிப்சியின் சக்கரத் தடத்தை அளந்து, டிரெய்லரின் சக்கரங்களும் அதே தடத்தில் ஓடும்படி அச்சின் நீளத்தை முடிவு செய்யுங்கள். முன்னே போகும் சக்கரம் அழுத்திவிட்ட பள்ளத்திலேயே பின்சக்கரமும் வந்தால் இழுவை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். பழைய ஜீப்பின் பின்அச்சை டிஃபரன்ஷியலோடு அப்படியே பொருத்துவது சிலருக்கு வழக்கம். வேண்டாத எடையும், நடுவில் கல்லில் மோதும் ஓர் உருண்டையும்தான் அதனால் மிஞ்சும். 45 மில்லிமீட்டர் சதுரத் திண்மக் கம்பி போதும். அதை ஸ்பிரிங்கோடு யு போல்ட்டில் பிணையுங்கள், அச்சின் மேல் வெல்டிங் வைக்காதீர்கள்.

இனி அச்சின் இடம். மாட்டு வண்டி ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களைக் கேட்டிருப்பீர்கள். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும்; முன்பாரம் அதிகமானால் மாடு முன்னங்காலை ஊன்ற முடியாமல் தவிக்கும். டிரெய்லருக்கும் அதே விதிதான். கொக்கியின் மேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்குள், உங்கள் வண்டிக்கு 50 கிலோவுக்குக் குறையாமல், இருக்க வேண்டும். பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 90 சென்டிமீட்டரில் அச்சின் நடுவை வைத்து, கொக்கி முன்விளிம்புக்கு 1.2 மீட்டர் முன்னால் வரும்படி ஏர்க்காலை அமைத்து, உதிரிச் சக்கரத்தை அந்த ஏர்க்கால் மேலேயே பொருத்தினால் கணக்கு 57 கிலோ அளவில் வந்து நிற்கிறது. ஆனாலும் கணக்கை மட்டும் நம்பாமல், மூட்டைகளை ஏற்றிய பிறகு, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி வழக்கமான உயரத்திலேயே இருக்கும்படி அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

ஏர்க்காலை இன்னும் நீட்டினால் பின்னோக்கி ஓட்டுவது எளிதாகும் என்பது உண்மை. ஆனால் ஆறு மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர் இருந்தால் டிரெய்லர் ஏறக்குறைய ஓரடி உள்ளே வெட்டும். மூன்று மீட்டர் ஆக்கினால் இரண்டரை அடி வெட்டும். எழுபது வளைவுகள் ஏறி வரும் ஊர்க்காரரான உங்களுக்கு எது தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏர்க்கால்கள் முன்குறுக்குச் சட்டத்தோடு முடிந்துவிடாமல், அடியில் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிணைக்கும் கொண்டி வரையாவது ஓடட்டும். விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான். அங்கே குழாயின் அடிப்புறத்தில் குறுக்காக வெல்டிங் வைக்காமல், நீளவாக்கில் மட்டும் வையுங்கள். அச்சைப் பொருத்தியதும் கொக்கியின் நடுவிலிருந்து இரண்டு சக்கர முனைகளுக்கும் நாடாவைப் பிடித்து அளந்து, வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் இழுக்கும், டயரும் ஒரே பக்கம் தேயும்.

தண்ணீர் பீப்பாயைப் பற்றி ஒன்று. 200 லிட்டர் பீப்பாய் நிறைந்திருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். அரையாக மட்டும் இருக்கக் கூடாது. அரைப் பீப்பாயில் தளும்பும் தண்ணீர், ஏற்றத்தில் முன்பாரத்தைப் பின்பாரமாக்கிவிடும்.

கேள்வி: இப்படி நாமே கட்டிய டிரெய்லரைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா?

பதில்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே, எனவே பதிவு இல்லாமல் பொதுச் சாலைக்கு வர முடியாது. ஜிப்சியில் கொக்கி பொருத்துவதும், வாகனத்தை மாற்றியமைப்பது பற்றிய 52ஆம் பிரிவின் கீழ் கேள்விக்குள்ளாகலாம். இரும்பு வெட்டுவதற்கு முன்பே, வரைபடத்தை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் பதில் பெறுங்கள். கட்டி முடித்த பிறகு போய் நிற்பவர்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு கிடைப்பதில்லை.

கேள்வி: பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் டிரெய்லர் செய்து வாங்கினோம். அச்சு பெட்டியின் சரியான நடுவில் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாம்புபோல் நெளிகிறது. காலியாகப் போகும்போது குதிக்கவும் செய்கிறது. டிராக்டர் கொக்கிக்குப் போடும் இரும்பு ‘பின்’ (pin) கொண்டுதான் பூட்டியிருக்கிறோம்.

பதில்: மூன்று குறைகளையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். நெளிவதற்குக் காரணம் முன்பாரம் இல்லாமை. கனமான பொருளை முன்பக்கம் நகர்த்தி ஏற்றிப் பாருங்கள். நெளிவு நின்றால் ஸ்பிரிங் கொண்டிகளை வெட்டிப் பதினைந்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிடலாம். அதுவரை, நெளியத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள்.

குதிப்பது ஸ்பிரிங்கின் விறைப்பால். கால் டன் சுமைக்கு ஒன்றரை டன் தாங்கும் பட்டைகளைப் போட்டிருப்பார்கள். முதன்மைப் பட்டையைத் தொடாமல், கீழிருந்து ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, முழுச் சுமையில் வில் இன்னும் சற்று வளைந்தே இருக்கும் அளவில் நிறுத்துங்கள். கழற்றிய பின் யு போல்ட்டை இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் இறுக்க மறக்க வேண்டாம்.

டிராக்டர் பின் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. துளைக்கும் பின்னுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சுத்தியல்போல் அடிக்கும். அதைவிட, மேடுபள்ளத்தில் ஒரு வண்டி இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாயும்போது அந்த இணைப்பு முறுக்கத்துக்கு இடம் கொடுக்காமல் ஏர்க்காலையே முறுக்கிவிடும். 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கி சாதாரண மண்பாதைக்குப் போதும். பாறைப்பாதை என்றால் ராணுவ டிரெய்லர்களில் உள்ளதுபோல வளையமும் வாய் மூடும் கொக்கியும் போடுங்கள். அது கொஞ்சம் சத்தமிடும், ஆனால் எவ்வளவு சாய்ந்தாலும் விட்டுக்கொடுக்கும். எதைப் போட்டாலும் ஏர்க்காலுக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டுங்கள்; கொக்கி கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அவை தொட்டில்போல் தாங்கும்.

கேள்வி: நான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறேன். சிறு டிரெய்லர் ஒன்றை நானே கட்டி, கூடாரமும் சமையல் பெட்டியும் பொருத்தி, இந்த மாநிலத்தின் வடகோடியில் உள்ள கிப் ரிவர் சாலை என்ற கரடுமுரடான மண்சாலைக்குக் கொண்டுபோக ஆசை. எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். சிறு டிரெய்லர் கட்டுவோருக்கென்றே அங்கே அரசு வழிகாட்டி ஏடு வெளியிட்டிருக்கிறது. 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குத் தனி வரம்பு இருக்கும். சிறிய வண்டிகளுக்கு அது 750ஐவிட மிகக் குறைவு.

அந்தச் சாலையில் டிரெய்லரைக் கொல்வது கல்லோ ஆறோ அல்ல; நெளித்தகடுபோல் விடாமல் வரும் சிற்றலை மேடுகள்தான். ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பரும் அவசியம். டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 25க்குக் குறைத்து, வேகத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். கூடாரத்தை உயரத்தில் ஏற்றிவிட்டு, கனமான தண்ணீர்த் தொட்டியையும் மின்கலத்தையும் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டிப் பொருத்துங்கள். விளக்குகளுக்கான எதிர்மின் கம்பியைக் கொக்கி வழியே விடாமல் தனிக் கம்பியாகவே இழுங்கள். செம்மண் தூசி ரப்பர் விளிம்பை மீறியும் சமையல் பெட்டிக்குள் நுழையும். பெட்டியின் முன்புறத்தில் வடிகட்டி பொருத்திய சிறு காற்றுவழி வைத்தால், ஓடும்போது உள்ளே அழுத்தம் சற்றுக் கூடி தூசியை வெளியே தள்ளும்.

மாலையில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு ஹப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் பேரிங் போகப்போகிறது என்று பொருள். கிரீஸ் அடைத்துத் தயாராக வைத்த ஒரு முழு ஹப்பையும், அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரையும் பெர்த்திலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.