ஓட்டோரைனோலாரிங்காலஜி மாதிரி நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படிப் பிரிப்பது, எங்கே அழுத்துவது?

இ.என்.டி. டாக்டர்களின் துறைக்கு முழுப்பெயர் இது. ஆங்கிலத்தில் எழுதினால் (otorhinolaryngology) எழுத்து 19, அசை 9. வாய் தடுமாறுவதற்கு நீளத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பொருளுக்காகப் பிரிப்பதையும் ஓசைக்காகப் பிரிப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் காரணம்.

பொருள்படி: ஓட்டோ காது, ரைனோ மூக்கு (காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் அதே ரைனோ), லாரிங் குரல்வளை, லஜி இயல். எல்லாம் கிரேக்க வேர்கள். லாரிங்குக்கும் லஜிக்கும் நடுவில் வரும் 'ஓ' வெறும் இணைப்பு எழுத்து.

ஓசைப்படி: ஓ-டோ-ரை-நோ-லா-ரிங்-கா-ல-ஜி. ஏழாவது அசையைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துப்படி அது ஜி, ஓ, எல். ஜி குரல்வளையின் வால், ஓ இணைப்பு, எல் இயலின் தலை. மூன்று இடத்துத் துண்டுகள் ஒரே அசையாகிவிட்டன. முழு அழுத்தமும் விழுவது அதன் மேல்தான். யாப்பு படித்தவர்களுக்கு வகையுளி (ஓசைக்காகச் சொல்லைப் பொருள் பாராமல் உடைப்பது) நினைவுக்கு வரும்.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்கக் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். லஜி, கிராஃபி, இட்டி என்று முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: பயாலஜியில் 'யா', எலக்ட்ரிசிட்டியில் 'ரி'. லாரிங்காலஜிஸ்ட் என்றாலும் 'கா'தான். லாரிங்கலாஜிக்கல் என்றால் அழுத்தம் 'லா'வுக்கு நகரும், அப்போதும் அது கடைசியிலிருந்து மூன்றாவதே. 'இக்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை: ஃபோட்டோகிராஃபிக்கில் 'கிரா'.

அழுத்துவது என்றால் கத்துவது இல்லை. அந்த அசை சற்று நீளும், குரல் கொஞ்சம் ஏறும், பக்கத்து அசை சுருங்கும். தமிழில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் முழுதாகச் சொல்லிப் பழகியதால் நாம் 'காலோஜி' என்கிறோம். அந்த 'லோ' தேய்ந்து மங்கலான 'ல' ஆனால்தான் 'கா' எடுபடும். ஓ, ரை, லா மூன்றுக்கும் அரை அழுத்தம் போதும்.

இதே சொல்லில் ஜி என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது. அடுத்து ஓ இருப்பதால் முதலாவது 'க'. அடுத்து ஒய் இருப்பதால் இரண்டாவது 'ஜ'.

அகராதித் தலைச்சொல்லில் உள்ள புள்ளிகளை அப்படியே நம்பாதீர்கள். மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியில் அவை வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும் இடங்கள். ஒற்றை எழுத்தைத் தனியே விடும்படி உடைப்பதில்லை என்பதால், முதல் 'ஓ' தனி அசையாக இருந்தும் அதன் பின்னால் புள்ளி இருக்காது. அசைக்கு உச்சரிப்புக் குறியீட்டைப் பாருங்கள்.

பயிற்சியும் பின்னாலிருந்தே: ஜி, லஜி, காலஜி, ரிங்காலஜி, லாரிங்காலஜி. 'காலஜி' நாவில் படியும்வரை அதற்கு முன்னால் எதையும் சேர்க்காதீர்கள்.